மூக்குப் பரீட்சை

ஆறாம் ஊறல் குழியில் இருநூற்று நாற்பது ஆட்டுத்தோல்கள் அழுகிப்போனது ஒரு வியாழக்கிழமை. அவை அழுகப்போகின்றன என்பது புதன்கிழமை காலையிலேயே மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது. மூவரும் வாய் திறக்கவில்லை.

முதலாளி ஆபித் பாஷாவுக்குத் தோல் போனதைவிட இந்த இரண்டாவது செய்திதான் தாங்கவில்லை. ஆம்பூரில் பாலாற்றங்கரையை ஒட்டி இருந்தது அவருடைய தோல் பதனிடும் ஷாப்பு. நூற்றுப்பத்துப் பேர் வேலை செய்தார்கள். அவர் மேஸ்திரி துரைசாமியை அறைக்குள் கூப்பிட்டார்.

“தெரிஞ்சிகிட்டே சும்மா இருந்திருக்கானுங்க. தோல் கெட்டா வேற வாங்கலாம். ஆளுங்க மனசு கெட்டா எங்க போய் வாங்கறது மேஸ்திரி?”

துரைசாமி கதவு நிலையைப் பார்த்தபடி நின்றார்.

“மெட்ராஸ்ல ஒரு மில்லுல வெளியாளு ஒருத்தர வெச்சாங்களாம். அவரு எல்லார்கிட்டயும் பேசி, ஆளுங்களுக்கு வேலை மேல ஆசை வர்றதுக்கு யோசனை சொல்றாராம். நம்மளும் ஒருத்தரப் புடிக்கலாம்.”

“எதுக்கு முதலாளி வெளியாளு? நானே பாத்துக்கறேன்.”

“இத்தினி நாளா நீதான பாத்துகினு இருந்த?”

ஆபித் பாஷா நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“ஆளை நான் எடுத்தா, முதலாளி வேவு பாக்க ஆள் வெச்சிட்டாருன்னு சொல்வீங்க. அதனால நீயே எடு. வந்தவரு ரெண்டு மாசம் இருக்கட்டும். அதுக்குள்ள ஷாப்பு திருந்தலன்னா, மேஸ்திரி வேலைக்கு மெட்ராஸ்லேருந்து ஆள் அனுப்பறேன்னு என் மச்சான் சொல்லிகினே இருக்காரு. அனுப்பட்டும்.”

துரைசாமி பன்னிரண்டு வயதில் அந்தக் குழிகளில் இறங்கியவர். மேஸ்திரியாகி இருபது வருஷம் ஆகியிருந்தது. அந்த வேலை போனால் மறுபடியும் குழியில் இறங்க வேண்டும். இதுநாள்வரை தான் அதட்டிய ஆட்களுக்கு நடுவில் நின்று தோல் புரட்ட வேண்டும்.

குமாஸ்தா மெட்ராஸ் பத்திரிகைக்கு ஒரு விளம்பரம் எழுதி அனுப்பினார். மூன்று பேர் பதில் போட்டார்கள். ஷாப்பில் அவர்களுக்கு, வருவதற்கு முன்பே, யோசனைக்காரர்கள் என்று பெயர் வந்துவிட்டது.

மூவரில் ஒருவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று துரைசாமிக்குத் தெரியவில்லை. பட்டைக் கொட்டகைக்குப் போனார். அங்கே பெண்கள் ஆவாரம்பட்டையை உலக்கையால் இடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி கங்கம்மாள். யாருக்கும் பயப்படாதவள். முக்கியமாகத் துரைசாமிக்கு.

“வர்றவன் எல்லாம் நல்லாதான் பேசுவான்,” என்றாள் கங்கம்மாள். “பேச்ச வுடு மேஸ்திரி. கேட்டுலேருந்து கழிவு மேடு வரிக்கும் நடக்க வையி. எந்த எடத்துல மூக்க பொத்தறான்னு பாரு. நம்ம நாத்தம் தாங்காதவன் நம்ம கூட இன்னா பேசப்போறான்?”

துரைசாமிக்கு அது சரியாகப் பட்டது.

கேட்டைத் தாண்டினால் பட்டைக் கொட்டகை. அங்கே வாசனை நன்றாகத்தான் இருக்கும். அடுத்து சுண்ணாம்புக் குழிகள். கண் கொஞ்சம் எரியும். அதற்கப்புறம் பச்சைத் தோல் ஊறும் குழிகள். கடைசியில் கழிவு மேடு. தோலிலிருந்து சுரண்டி எடுத்த சதையெல்லாம் அங்கேதான் குவிந்திருக்கும். பசை காய்ச்சுபவர்களின் வண்டி வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். ஊர்க்காரர்கள் அந்தப் பக்கத்துச் சாலையில் நடக்கும்போதே மூச்சை அடக்கிக்கொள்வார்கள்.

விஷயம் அரை மணி நேரத்தில் ஷாப்பு முழுக்கப் பரவியது. எந்த இடத்தில் கைக்குட்டை வெளியே வரும் என்று ஆளுக்கு ஒரு கட்டு பீடி பந்தயம் வைத்தார்கள்.

முதலில் வந்தவர் பக்தவச்சலம். வேலூர்க்காரர். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மீசை அவருக்கு முன்னால் வந்தது. காலையில் அரை மணி நேரம் கவாத்து, வேலை தொடங்க ஒரு விசில், முடிக்க இரண்டு விசில், இவ்வளவும் செய்தால் சோம்பேறித்தனம் ஓடிவிடும் என்றார். சுண்ணாம்புக் குழியருகே கைக்குட்டையை எடுத்தார். அப்படியும் விடவில்லை. ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் விசிலை வாயில் வைத்து ஊதிக் காட்டினார். கன்றுக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. பெண்கள் உலக்கையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

இரண்டாவது ஆள் நயீம் அகமது. பம்பாய் மில்களில் வேலை பார்த்தவர். பித்தானை அழுத்தினால் நிற்கிற கடிகாரம் ஒன்று வைத்திருந்தார். கங்கம்மாள் நிமிஷத்துக்கு எத்தனை தடவை உலக்கையைத் தூக்குகிறாள் என்று எண்ணினார். அவள் வேண்டுமென்றே மெதுவாக இடித்தாள். சுண்ணாம்புக் குழிகளைத் தாண்டிவிட்டார். ஊறல் குழியருகே சட்டென்று நின்றார். காதில் செருகியிருந்த அத்தர் பஞ்சை எடுத்து இரண்டாகக் கிள்ளி, மூக்குத் துளைகளில் வைத்துக்கொண்டார்.

“நல்ல புத்திசாலி,” என்றாள் கங்கம்மாள். “ஆனா நம்மாளு இல்ல.”

மூன்றாவது ஆள் காசிநாதன். ஒல்லியானவர், நாற்பது வயதிருக்கும். மெட்ராஸில் ஒரு மில்லில், தொழிலாளர்களின் குறைகளைக் கேட்டு எழுதிக்கொள்ளும் ஆபீஸில் இருந்தாராம். கையில் ஒரு குடை. ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தார். பட்டைக் கொட்டகையில் நின்று ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டார். எல்லாரையும் ‘நீங்கள்’ என்றார். சுண்ணாம்புக் குழிகளைத் தாண்டினார். ஊறல் குழிகளைத் தாண்டினார். கைக்குட்டை வரவில்லை. பின்னாலேயே வந்த கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டது.

கழிவு மேட்டருகே வந்ததும் காசிநாதன் பையில் கைவிட்டார். “வருது பாரு,” என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். வந்தது ஒரு காகிதப் பொட்டலம். காட்பாடி ஸ்டேஷனில் வாங்கிய வறுத்த வேர்க்கடலை. அந்த மேட்டுக்கு எதிரில் நின்றபடி உரித்து உரித்துத் தின்றார். பிறகு பொட்டலத்தைத் துரைசாமியிடம் நீட்டினார்.

“சாப்பிடுறீங்களா?”

கூட்டம் கைதட்டியது. பந்தயத்தில் ஒருவரும் ஜெயிக்கவில்லை. அவ்வளவு தூரத்துக்கு யாரும் பீடி வைத்திருக்கவில்லை.

துரைசாமி அன்றே முதலாளியிடம் போய், “மூணாவது ஆளு,” என்றார்.

“எதனால?”

“நம்ம கூட நிப்பாரு முதலாளி.”

அதற்குமேல் அவர் சொல்லவில்லை.

காசிநாதன் முதல் பத்து நாள் ஒன்றுமே செய்யவில்லை என்றுதான் துரைசாமிக்குத் தோன்றியது. நோட்டும் பென்சிலுமாகக் குழி குழியாக நடந்தார். ஒவ்வோர் இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

“இந்தக் குழி இன்னைக்கு என்ன வாசனை?”

ஆறாம் குழியில் தோல் புரட்டும் ஆதிகேசவன் வாய்த்துடுக்கு ஆள். திங்கட்கிழமையானால் வேலைக்கு வரமாட்டான்.

“பொண வாசனைங்க,” என்றான்.

காசிநாதன் எழுதிக்கொண்டார். “எத்தனை நாள் பொணம்?”

ஆதிகேசவனுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் குனிந்து மோந்து பார்த்தான். “இல்லீங்க. பொணம் இல்ல. மழையில நனைஞ்ச கோணி மாதிரி.”

“நேத்து எப்படி இருந்தது?”

“நேத்து ஈர மண்ணு.”

காசிநாதன் கடைத்தெருவில் பள்ளிக்கூடத்துச் சிலேட்டுகள் வாங்கி வந்து, குழிக்கு ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டார். ஆறாம் குழிச் சிலேட்டில் ‘கோணி’ என்று எழுதி, கீழே ‘ஆதிகேசவன்’ என்றும் எழுதினார். ஆட்கள் இதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் தன் குழியில் மாமியார் வாசனை அடிக்கிறது என்றான். அதுவும் சிலேட்டில் ஏறியது. மறுநாள் அவன் மனைவி பட்டைக் கொட்டகையிலிருந்து வந்து தன் கையாலேயே அழித்துவிட்டுப் போனாள்.

ஒரு மாதம் ஓடிவிட்டது. துரைசாமிக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்தச் சிலேட்டுகளால் என்ன ஆகப்போகிறது என்று தனியாக உட்காரவைத்துக் கேட்டுவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிநாதனைச் சாப்பிடக் கூப்பிட்டார். துரைசாமியின் மனைவி தேவகி உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனாள். துரைசாமி வாழையிலை வாங்கப் போனார். காசிநாதன் அடுப்புக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து நோட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

துரைசாமிக்குத் தெருமுனையிலேயே தீய்ந்த வாசனை வந்தது. அவர் ஓடி வரவும் தேவகி ஓடி வரவும் சரியாக இருந்தது. பானையைத் திறந்தால் அடிச்சோறு கருகிப்போயிருந்தது.

“பக்கத்துலதான உக்காந்துகினு இருந்தீங்க ஐயா?” என்றாள் தேவகி.

“மன்னிச்சுக்கோங்கம்மா. எனக்கு மூக்கு கிடையாது.”

“மூஞ்சில இருக்குதே!”

“இருக்கு. வேலை செய்யாது. டைபாய்டு காய்ச்சல்ல போயிடுச்சு. ஒன்பது வருஷம் ஆச்சு.”

துரைசாமி இலையைப் பிடித்தபடி நின்றார். “அப்ப அன்னிக்கு கழிவு மேட்டுல கடலை தின்னீங்களே?”

“ஆமா, பசிச்சுது.” காசிநாதன் கொஞ்சம் தயங்கினார். “எல்லாரும் எதுக்குக் கைதட்டினாங்கன்னுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல.”

தேவகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் போனாள். அவள் சிரிப்பு சுவரைத் தாண்டி வந்தது. துரைசாமி சிரிக்கவில்லை. இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

திங்கட்கிழமை அவர் கங்கம்மாளிடம் மட்டும் சொன்னார். மத்தியானத்துக்குள் நூற்றுப்பத்துப் பேருக்கும் தெரிந்துவிட்டது.

“மூக்குப் பரீட்ச வெச்சு மூக்கில்லாதவர எடுத்துட்டாரு நம்ம மேஸ்திரி!” என்று கங்கம்மாள் கொட்டகை அதிரச் சிரித்தாள்.

“அண்ணே, அடுத்து வாட்ச்மேன் எடுக்கும்போது கண்ண பாத்து எடுங்கண்ணே,” என்றான் செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்த ஆதிகேசவன்.

“முதலாளி காதுக்குப் போச்சுன்னா உங்க யாரையும் சும்மா வுட மாட்டேன்,” என்றார் துரைசாமி. குரல் அவ்வளவு பலமாக இல்லை.

முதலாளி காதுக்கு யாரும் கொண்டுபோகவில்லை. வேறொன்று நடந்தது. காசிநாதன் உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்கிறார் என்றானதும் ஆட்களின் பதில் மாறிவிட்டது. கண் தெரியாதவருக்குப் பாதை சொல்வதுபோல நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். பொணம் என்றும் மாமியார் என்றும் சொல்வது நின்றுபோனது. குனிந்து, மோந்து, யோசித்துச் சொன்னார்கள். ஒருவன் சொன்னதை அடுத்தவன் மறுத்தான். நாலாம் குழி புளித்த கஞ்சியா, பழைய மோரா என்று அரை நாள் சண்டை நடந்தது. சாப்பாட்டு வேளையில் பெண்கள் வந்து மோந்து பார்த்து மோர் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

கொஞ்சங்கொஞ்சமாகச் சொற்கள் நிலைத்தன. முதல் நாள் ஈர மண். அடுத்தது கோணி. மோர் என்றால் கவனம். புளித்த கஞ்சி என்றால் உடனே தோலை எடுத்துச் சுண்ணாம்புக்கு மாற்ற வேண்டும். அதையும் தாண்டினால் கூமுட்டை. தோல் போனதுதான். இதெல்லாம் அவர்களுக்கு முன்பே தெரியும். சொல்லும்படி யாரும் கேட்டதில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஆதிகேசவன் வேலைக்கு வந்திருந்தான். துரைசாமி நம்பாமல் இரண்டு முறை பார்த்தார்.

“நான் வரலன்னா பக்கத்துக் குழிக்காரன் என் சிலேட்டுல கண்டத எழுதிடறாண்ணே,” என்றான்.

அன்று பட்டை மூட்டைகளுக்குப் பின்னால் துரைசாமி எடை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் காசிநாதன் ஆதிகேசவனிடம் பேசுவது கேட்டது.

“அந்த வியாழக்கிழமை தோல் கெட்டுதே, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியுங்க. புதன் காலையிலயே கஞ்சி.”

“ஏன் சொல்லல?”

“போன வருஷம் ஒரு வாட்டி சொன்னேங்க. உன் மூக்க எவன்டா கேட்டான்னாரு மேஸ்திரி.” ஆதிகேசவன் குரலில் கோபம் இல்லை. “அப்புறம் எதுக்கு சொல்றது?”

துரைசாமிக்கு அப்படிச் சொன்னது நினைவில் இல்லை. ஆனால் சொல்லியிருப்பார் என்பதில் அவருக்குச் சந்தேகமும் இல்லை. தராசு ஆடி நின்றது. எடை என்ன என்று அவர் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவர் ஆறாம் குழிக்குப் போய் நின்றார்.

“இன்னா வாசனை?”

ஆதிகேசவன் நிமிர்ந்தான். “நீங்களே மோந்து பாருங்கண்ணே. உங்களுக்குதான் மூக்கு இருக்குதே.”

“உன் மூக்க கேக்கறேன்.”

ஆதிகேசவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். பிறகு குனிந்தான். “ஈர மண்ணுண்ணே. நல்லா இருக்குது.”

“சரி,” என்று துரைசாமி ஏழாம் குழிக்கு நகர்ந்தார்.

இரண்டு மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஷாப்புக்கு விடுமுறை. காசிநாதன் வீட்டைப் பார்த்துவர மெட்ராஸ் போயிருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. சனிக்கிழமை ஆறாம் குழியில் இறக்கிய முந்நூறு தோல்கள், வாட்ச்மேன் சத்தாரைத் தவிர வேறு துணை இல்லாமல் கிடந்தன.

ஆதிகேசவன் மாதனூரில் மைத்துனன் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு மனைவியோடு திரும்பிக்கொண்டிருந்தான். புது வேட்டி, புதுச் சட்டை. ஷாப்புச் சுவரோரம் வரும்போது நின்றான்.

“இன்னா?” என்றாள் மனைவி.

“கஞ்சி.”

“பசிக்குதா? இப்பதான துன்ன?”

“ஆறாம் குழி கஞ்சிக்குப் போய்டுச்சுடி! நீ போய் தெருவுல சொல்லு, ஓடு!”

சத்தார் கேட்டைத் திறப்பதற்குள் அவன் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டான். ஐந்து நிமிஷத்தில் கங்கம்மாள் வந்தாள். அவளுக்குப் பின்னால் பட்டைக் கொட்டகையே வந்தது. கோயிலில் ஜெபம் முடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்த கிறிஸ்தவக் குடும்பத்து ஆண்கள் வெள்ளைச் சட்டையோடு குழியில் குதித்தார்கள். வரிசையாக நின்று தோலை இழுத்து, அலசி, கை மாற்றிக் கை மாற்றிச் சுண்ணாம்புக் குழிக்கு அனுப்பினார்கள். துரைசாமி கடைசியாக வந்தார். நாவிதரிடம் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர் பாதியில் எழுந்து ஓடிவந்துவிட்டார். வலது கன்னத்தில் மட்டும் தாடி இருந்தது.

“மேஸ்திரி, எந்தப் பக்கத்து மூஞ்சி சொல்றத கேக்கணும்?” என்றாள் கங்கம்மாள்.

“தோலப் புடி!” என்று கத்திவிட்டு அவரும் குழியில் இறங்கினார்.

மேல்விஷாரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஆபித் பாஷா மோட்டாரில் வந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கேட்டு திறந்திருப்பதையும் உள்ளே கூட்டத்தையும் பார்த்தார். ஸ்ட்ரைக் என்று முடிவு செய்துவிட்டார். ஷெர்வானியோடு ஊறல் குழிவரை வேகமாக நடந்து வந்தார். அவர் அங்கே வந்து பல வருஷம் ஆகியிருந்தது.

இடுப்பளவு அழுக்குத் தண்ணீரில் மேஸ்திரி நின்றிருந்தார். சுற்றிலும் ஐம்பது பேர்.

“இன்னா நடக்குது இங்க? யாரு இவங்கள கூப்பிட்டது?”

“யாரும் கூப்பிடல முதலாளி,” என்றான் ஆதிகேசவன். “நாத்தம் வந்துச்சு. வந்தோம்.”

“காசிநாதன் சொல்லிட்டுப் போனாரா?”

துரைசாமி கையிலிருந்த தோலை அடுத்தவனிடம் கொடுத்தார். ஆமாம் என்று சொல்லிவிடலாம். வேலை நிலைத்துவிடும். சுற்றி நின்ற ஐம்பது பேரும் அவரையே பார்த்தார்கள்.

“இல்ல முதலாளி. அவரு ஊர்ல இல்ல. இருந்தாலும் அவருக்குத் தெரிஞ்சிருக்காது. அவருக்கு மோப்பமே கெடையாது.” மூச்சு வாங்கிக்கொண்டார். “தெரியாமதான் எடுத்தேன். மூக்கப் பொத்தாம கழிவு மேடு வரிக்கும் வந்தாரு, நல்லவருன்னு எடுத்தேன். அப்புறம் பாத்தா மூக்கே வேலை செய்யல. மோப்பம் இல்லாததால ஒவ்வொரு ஆளையும் கேட்டாரு. நான் ஒருநாளும் கேட்டதில்ல. அன்னிக்கு ஆறாம் குழி கெட்டது என்னாலதான் முதலாளி.”

முதலாளி குழியின் விளிம்புக்கு வந்தார்.

“மூக்கு பாத்து, மூக்கில்லாத ஆள எடுத்தியா?” என்றார் ஆபித் பாஷா.

“ஆமா முதலாளி.”

முதலாளி அவருடைய இடது கன்னத்தைப் பார்த்தார். வலது கன்னத்தைப் பார்த்தார். உதடு துடித்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஷெர்வானி பித்தானைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதலாளி சிரித்தபிறகு மற்றவர்களைப் பிடிக்க முடியவில்லை.

“எத்தினி தோல் போச்சு?” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“ஒண்ணு கூட போவல.”

“அப்ப நாளைக்கு என் மச்சானுக்குக் கடுதாசி போடறேன். மேஸ்திரி வேலை காலியில்லன்னு.”

துரைசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கங்கம்மாள், “முதலாளி, நீங்க கல்யாணத்துல நல்லா சாப்ட்டு வந்துட்டீங்க,” என்றாள். “எங்களுக்கு இன்னும் ஒண்ணும் ஆவல.”

மோட்டார் ஊருக்குள் போனது. பொழுது சாய்வதற்குள் இரண்டு பெரிய தேக்சா பிரியாணியும் சமையல்காரரும் வந்து இறங்கினார்கள். எல்லாரும் ஆற்று ஊற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு உட்கார்ந்தார்கள். ஆதிகேசவனின் புதுச் சட்டை என்ன நிறத்தில் வாங்கியது என்று அவன் மனைவிக்கு மட்டும்தான் நினைவிருந்தது. அதை அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயங்கால வண்டியில் வந்த காசிநாதன் குடையும் பையுமாக உள்ளே வந்தார். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கதையைச் சொன்னார்கள். அவருக்கு இடம் விட்டு, இலை போட்டார்கள். சமையல்காரர் தேக்சாவின் மூடியைத் தூக்கினார். ஆவி எழுந்தது. பேச்சு நின்றது. ஐம்பது பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள்.

காசிநாதன் அந்த முகங்களைப் பார்த்தார். நோட்டை எடுத்தார்.

“எப்படி இருக்கு?”

ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். லவங்கம் என்றார்கள், நெய் என்றார்கள், கல்யாண வீடு என்றார்கள்.

“இருங்கடா!” என்று கங்கம்மாள் கையை உயர்த்தினாள். “மேஸ்திரி மொதல்ல சொல்லட்டும்.”

துரைசாமி எழுந்தார். தேக்சாவின் மேல் குனிந்து கண்களை மூடிக்கொண்டார். காசிநாதன் பென்சிலோடு காத்திருந்தார்.

“அவசரப்படாதீங்க,” என்றார் துரைசாமி. “இன்னொரு வாட்டி மோந்துக்கறேன்.”